குறிகட்டுவான் கரையில் சொலாஞ்சியின் தட்டு

கசெற் வந்து எங்கள் தொழிலைக் கெடுத்துவிட்டது என்று சில பழைய ஒலிபெருக்கிக்காரர்கள் மூக்கால் அழுவதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னத்தைக் கெடுத்தது? பெட்டி பெட்டியாக இசைத்தட்டுகளைத் தலையில் வைத்து வள்ளம் ஏறி, ஒன்று கீறுப்பட்டாலும் முதலாளியின் முகத்தில் எப்படி முழிப்பது என்று நடுங்கித் திரிந்தவன் நான். இப்போதைய பொடியள் ஒரு கலியாணத்துக்கு வேண்டிய பாட்டு முழுவதையும் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள். நல்லாயிருக்கட்டும்.

ஆனால் போன கிழமை என் மருமகன் ஒரு கேள்வி கேட்டான். நான் ஓய்வெடுத்த பிறகு எங்கள் சவுண்ட் சேர்விஸில் நிற்பவன் அவன்தான். “மாமா, இந்தப் பாட்டு எங்களிட்டை மட்டும்தான் இருக்கு எண்டு இப்ப ஒருத்தனும் சொல்ல ஏலாது. ஒரு கசெற்றை நூறு பேர் அடிச்சுப்போடுறாங்கள். உங்கடை காலத்திலை அப்பிடி ஒரு தட்டு இருந்ததெண்டு சொல்லுகினம். அதென்ன கதை?” என்றான். அவன் தலையாட்டி முடியும்வரை வாயால் சொன்னேன். பிறகு, சொன்னது காற்றோடு போகாமல் இருக்கட்டுமே என்று எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குச் சொந்த இடம் புங்குடுதீவு. படிப்பு ஏறவில்லை. அப்பா தோட்டத்துக்குக் கூப்பிட்டார், எனக்குக் கிணற்றுத் துலா மிதிக்க மனமில்லை. ஐம்பதுகளின் கடைசியில் ஊர்காவற்றுறை அந்தோனிப்பிள்ளை அண்ணையின் சவுண்ட் சேர்விஸில் சேர்ந்தேன். முதல் சில வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பற்றரி தூக்கினேன், வயர் சுற்றினேன், ஒலிபெருக்கிக் குழாய் கட்டப் பனையில் ஏறினேன், பேச்சு வாங்கினேன்.

பேச்சு வாங்கினேன் என்றதும் அண்ணை கத்துகிற ஆள் என்று நினைக்க வேண்டாம். தீவுப்பகுதி முழுவதற்கும் சத்தம் கொடுத்த அந்த மனிதர், தன் வாயால் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. பிழை நடந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். என்னைப் பார்க்க மாட்டார், பிழைத்த பொருளைத்தான் பார்ப்பார். “இது ஆற்றை வேலை?” என்பார். “என்ரை வேலை அண்ணை.” “திருப்பிச் செய்யும்.” அவ்வளவுதான். திருப்பிச் செய்வது என்றால் பிழைத்த முடிச்சை மட்டும் அல்ல, கட்டிய முழுவதையும் அவிழ்த்து முதலில் இருந்து கட்ட வேண்டும். அதைவிடக் கன்னத்தில் இரண்டு தந்திருக்கலாம் என்று எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன்.

அவருடைய முறைகள் எனக்கு இப்போதும் கைவிரலில் நிற்கின்றன. பனையில் ஆணி அடிக்கக்கூடாது, கயிறுதான். குழாயின் வாய் கொஞ்சம் கீழே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பனித்தண்ணீர் உள்ளே இறங்கும். தட்டை விளிம்பில் பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது. போட முன்னும் துடைக்க வேண்டும், போட்ட பின்னும் துடைக்க வேண்டும், அதுவும் பழைய பனியன் துணியால். மைக்கைத் தட்டிப் பார்க்கக்கூடாது, ஊதிப் பார்க்கவே கூடாது. மனிசரோடு கதைப்பது போல ஒரு வசனம் கதைத்துப் பார்க்க வேண்டும். அவர் எப்போதும் கதைப்பது ஒரே வசனம். “எல்லாருக்கும் வணக்கம், சமையல் முடிஞ்சுதோ?” என்பார். உடனே குசினிப் பக்கத்தில் இருந்து, “இன்னும் இல்லை!” என்று பதில் வரும். பதில் வந்தால் மைக் சரி.

முதல் பாட்டு சைவ வீடென்றால் பிள்ளையாருக்கு, வேதக்கார வீடென்றால் மாதாவுக்கு. அதற்கு அடுத்துப் போடுவதுதான் அடையாளத் தட்டு. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் ஒவ்வொரு சேர்விஸுக்கும் அப்படி ஒன்று இருந்தது. அதைக் கேட்டதும், “உது இன்னாற்றை சேர்விஸ், வந்து இறங்கியாச்சு” என்று ஊருக்குத் தெரியும். மற்றவர்களின் அடையாளத் தட்டை நாங்கள் எடுக்க மாட்டோம், எங்களுடையதை அவர்கள் எடுக்க மாட்டார்கள். இது எழுதாத சட்டம். ஆனால் எங்களுக்கென்று சொல்லும்படி ஒன்றும் வாய்க்கவில்லை. ஒரு நாதஸ்வரத் தட்டை வைத்துக்கொண்டு ஓட்டினோம். நாதஸ்வரம் எவனிடம்தான் இல்லை?

அந்தக் குறையைத் தீர்த்தவன் குணம். நயினாதீவான், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவன். கப்பலில் வேலை கிடைத்து உலகம் சுற்றினான். அறுபதுகளின் நடுவில் ஒருமுறை லீவில் வந்தபோது கடதாசி உறைக்குள் ஒரு சின்னத் தட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தான். உறையில் ஒரு வெள்ளைக்காரப் பெட்டை, குட்டைத் தலைமயிர், கழுத்தில் கிற்றார், யாரோடோ சண்டைக்கு நிற்கிற முகம்.

“இதென்னடா?” என்றேன்.

“பெல்ஜியத்திலை ஒரு துறைமுகம். சாராயக் கடை ஒண்டிலை இவ பாடிக்கொண்டு நிண்டவ. பிரெஞ்சுப் பாட்டு. கேட்டுக்கொண்டு இருந்தது நானும் ஒரு பூனையும். பாடி முடிச்சிட்டு வாசலிலை பெட்டியோடை நிண்டு தன்ரை தட்டை வித்தா. ஒரு சனம் திரும்பிப் பாக்கேல்லை. எனக்கு மனம் கேக்கேல்லை, வாங்கினனான். இதை எங்கை கொண்டு போறீர் எண்டு கேட்டா. எங்கடை ஊருக்கு எண்டன். சிரிச்சா.”

“பேர் என்ன?”

“சொலான்ஜ்.”

எங்கள் வாயில் அது அன்றைக்கே சொலாஞ்சி ஆகிவிட்டது.

தட்டைப் பிளேயரில் வைத்தால் நடு ஓட்டை கோப்பை அளவு பெரிது. எங்கள் பிளேயரின் முளையோ சின்னன். தட்டு ஒரு பக்கமாய்ச் சரிந்து ஓட, பாட்டு வெறிகாரன் நடப்பதுபோல ஆடியது. அண்ணை தட்டை எடுத்து, ஓட்டையை நூலால் அளந்தார். அடுத்த நாள் பூவரசங் கட்டையில் ஒரு சின்ன வில்லை சீவி, அரத்தால் தேய்த்து, நடுவில் துளை போட்டுக் கொண்டுவந்தார். மயிரிழை பிசகவில்லை. பொருத்திவிட்டு ஊசியை வைத்தார்.

ஐயோ, அந்தச் சத்தம்! கிற்றார் தகரத்தைக் கிழிப்பது போல வந்தது. மேளக்காரன் மேளத்தை அடித்தானா கதவை உடைத்தானா தெரியாது. அதுக்கு மேலே அவள், தொண்டை கட்டின குரலில், மூச்சு விடாமல் யாரையோ ஏசுகிறாள். இடைக்கிடை, “நோன், நோன், மதாம்!” என்று கூட்டமாய்க் கத்துகிறார்கள். முடிந்ததும் அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். சரி, தட்டு குப்பைக்குத்தான் என்று நினைத்தேன்.

“இராசு, இது கடலுக்கு மேலாலை எவ்வளவு தூரம் போகும் எண்டு நினைக்கிறீர்?” என்றார்.

அப்படித்தான் எங்களுக்கு அடையாளத் தட்டு கிடைத்தது. ஆனால் அண்ணை தேவாலயத்துக்கு ஒழுங்காகப் போகிற மனிதர். அர்த்தம் தெரியாமல் போட்டுப் பாவம் தேடக்கூடாது என்று ஒரே பிடி. எங்கள் பக்கத்தில் அப்போது வயதுபோன ஒரு பிரெஞ்சுச் சுவாமியார் இருந்தார். வந்து நாற்பது வருடத்துக்கு மேல், தமிழ் எங்களைவிட நன்றாகப் பேசுவார். அவரைக் கூட்டிவந்து கதிரையில் இருத்திப் பாட்டைப் போட்டோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முகம் கோணியது, தோள் குலுங்கியது. அழுகிறார் என்று அண்ணை பதறிப்போனார். பார்த்தால் சிரிப்பு.

“சுவாமி, காதல் பாட்டோ?” என்று கேட்டேன்.

“காதலும் இல்லை கத்தரிக்காயும் இல்லை. இந்தப் பிள்ளை வாடகை வீட்டிலை இருக்குது. கிற்றார் அடிக்கிற சத்தம் தாங்காமல் வீட்டுக்காரி கரண்டை நிப்பாட்டிப்போட்டா. இல்லை, இல்லை அம்மா, கரண்டைத் தா எண்டு கேட்டுச் சண்டை பிடிக்குது.”

“பாவம் ஒண்டும் இல்லையே சுவாமி?”

“வீட்டுக்காரிக்குத்தான் பாவம்” என்றார் சுவாமியார். “இன்னொருக்காப் போடு.”

கரண்டே எட்டிப் பார்க்காத எங்கள் ஊர்களில், பற்றரியில் ஓடிக்கொண்டு, கரண்டு கேட்டுக் கத்தினாள் சொலாஞ்சி. நெடுந்தீவில் இருந்து ஊர்காவற்றுறை வரை அவளைத் தெரியாத ஆள் இல்லை. புளியங்கூடலில் குழந்தைப்பிள்ளைகள் அழுதால் “நோநோ மதாம்” என்று சொல்லிச் சிரிக்க வைப்பார்கள். யாழ்ப்பாணத்துச் சேர்விஸ்காரர் ஒருவர் அதே தட்டுக்காகக் கொழும்புக் கடையெல்லாம் ஏறி இறங்கிக் களைத்தார். கிடைத்தால்தானே! அவளுடைய ஊரிலேயே அது ஒரே தரம் அடித்து, விற்காமல் கிடந்து போனதாம், குணம் பிறகு விசாரித்துச் சொன்னான். எங்களுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அண்ணை மட்டும் நிமிரவில்லை, கவனமானார். ஒரு வேலைக்கு ஒரு தரம், அதுவும் அவர் கையால் மட்டும். தேய்ந்தால் திரும்ப வாங்க இடமில்லை என்பதால் பனியனில் சுற்றித் தனிப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வார்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். நான் வேலை செய்த வருடங்கள் எல்லாவற்றையும் தராசின் ஒரு தட்டிலும் அந்தக் காலையை மறுதட்டிலும் வைத்தால் காலைதான் தாழும்.

குணத்துக்கும் என் தங்கச்சி பவளத்துக்கும் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. தை மாதம், புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானுக்குக் கிட்ட எங்கள் வீட்டில் கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் விடியற்காலை நயினாதீவில் இருந்து மோட்டார் லோஞ்சில் வர வேண்டும். ஸ்பீக்கர் கட்ட அண்ணை தானே வந்தார். நான் பழக்கதோஷத்தில் தட்டுப் பெட்டியில் கை வைக்க, “இண்டைக்கு நீர் பொம்பிளையின்ரை தமையன். இதிலை கை வையாதையும்” என்று தள்ளி விட்டார். உண்மைதான். எங்கள் முறைப்படி மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைப்பது பெண்ணின் சகோதரன். பட்டு வேட்டி, சால்வை, தலைப்பாகையோடு கையில் செம்புத் தண்ணீரை வைத்துக்கொண்டு வாசல் படலையில் நின்றேன்.

நிற்கிறேன், நிற்கிறேன், மாப்பிள்ளை வரவில்லை. அன்று இறங்கின பனி போல அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. படலையில் நிற்கிற எனக்கு முற்றத்துப் பந்தல் தெரியவில்லை. வழமையாகச் சூரியன் ஏற விலகிவிடும். அன்று சூரியன் எங்கே என்றே தெரியவில்லை. முகூர்த்தம் கிட்டிக்கொண்டு வந்தது.

அப்போது கரையில் இருந்து ஒருவர் ஓடிவந்தார். “எஞ்சின் சத்தம் கேட்டது. பேந்து தூரப் போட்டுது. தெற்காலை போற மாதிரிக் கிடக்கு!” என்றார்.

தெற்காலே போனால் கரை இல்லை. பெருங்கடல், இல்லாவிட்டால் தண்ணீருக்கடியில் கல்லுப் பார். லோஞ்சுக்குள் பெண்களும் பிள்ளைகளுமாய் மாப்பிள்ளையின் முழுச் சொந்தமும் இருந்தது. செம்பைக் கீழே வைத்துவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

கரையில் நின்று காதைக் கொடுத்தபோதுதான் விஷயம் விளங்கியது. நல்ல முகூர்த்த நாள், தீவுக்குத் தீவு கலியாணம். நயினாதீவில் ஒன்று, அனலைதீவில் ஒன்று, எங்கள் ஊரிலேயே இன்னும் இரண்டு. அந்த வருடம் எல்லாருக்கும் பிடித்த ஒரு சினிமாப் பாட்டு இருந்தது. எல்லாக் குழாயிலும் அதே பாட்டு! பனிக்குள் சத்தம் தண்ணீருக்கு மேலால் வழுக்கிக்கொண்டு எல்லாத் திசையாலும் வந்தது. லோஞ்சு ஓட்டுகிற வேலுப்பிள்ளை அண்ணை கண் தெரியாமல், பாட்டு வருகிற பக்கம்தான் கலியாண வீடு என்று திருப்பியிருக்கிறார். எந்தக் கலியாண வீடு?

கரையில் நின்றவர்கள் ஓலையைக் கொளுத்தினார்கள், நெருப்பு பத்தடிக்கு அப்பால் தெரியவில்லை. மேளத்தை அடிக்கச் சொன்னார்கள், மேளமும் எல்லா வீட்டிலும்தான் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பவளம் மணவறைக்குப் பக்கத்து அறையில் கூறைச் சேலைக்குக் காத்திருக்கிறாள். அவளிடம் போய் என்னத்தைச் சொல்வது? எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

நான் ஓடிப்போய் அண்ணையின் கையைப் பிடித்தேன். “அண்ணை, சொலாஞ்சியைப் போடுங்கோ. அது ஒரு இடத்திலைதான் இருக்கு எண்டு குணத்துக்குத் தெரியும்” என்றேன்.

அண்ணை என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. இடுப்பில் இருந்து திறப்பை எடுத்தார்.

“இஞ்சை இருந்து போட்டால் பத்தாது. கரைக்குக் கொண்டு போம், கெதியா.”

எங்கள் பெரியப்பா குறுக்கே வந்தார். “மங்கல வீட்டிலை, முகூர்த்த நேரத்திலை, வெள்ளைக்காரியின்ரை கத்தலோ? உங்களுக்கென்ன விசரே?”

“ஐயா, மாப்பிள்ளை வந்தால்தானே மங்கலம்” என்றார் அண்ணை. குரல் உயரவில்லை. பெரியப்பா விலகிக்கொண்டார்.

பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பற்றரியைத் தோளில் ஏற்றினேன். ஆளுக்கொன்றைத் தூக்கினோம். கரையில் ஏற்றிக் கிடந்த வத்தை வள்ளத்தின் பாய்மரத்தில் ஏறி நானே குழாய் கட்டினேன். இரண்டாவது குழாயையும் தூக்கிக்கொண்டு ஏற, அண்ணை கீழே இருந்து மறித்தார். “ஒண்டு காணும். ரெண்டு குழாய் ரெண்டு பக்கம் பாத்தால் அவங்களுக்கு ரெண்டு கரை. ஒண்டு மட்டும், நேரே கடலைப் பாக்கக் கட்டும்.”

பாட்டு வெடித்தது. கடல் முழுக்கச் சினிமாப் பாட்டாய்க் கிடந்த இடத்தில் சொலாஞ்சியின் குரல் தனியே எழும்பிப் போனது எனக்கே கேட்டது. ஒரு தரம் முடிந்ததும் திரும்ப வைக்கக் கை போனேன். அண்ணை பிடித்தார்.

“பொறும். நாங்கள் கத்திக்கொண்டே இருந்தால் அவங்கள் வாறது எங்களுக்குக் கேக்காது.”

ஒரு தரம் பாட்டு. பிறகு மூச்சுப் பிடித்துக் காது கொடுத்தல். திரும்பப் பாட்டு. ஒவ்வொரு முறையும் அவசரப்படாமல் பனியன் துணியால் தட்டைத் துடைத்துத்தான் வைத்தார். எனக்கு அந்தத் துடைப்பைப் பார்க்கப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. ஆனால் ஊசியில் ஒரு தூசி சிக்கி அந்தப் பாட்டு நின்றால் வேறு பாட்டு எங்களிடம் இல்லை. அதுவும் அவருக்குத் தெரியும்.

எத்தனை தரம் போட்டோம் என்று நான் எண்ணவில்லை. அம்மாளாச்சி, அம்மாளாச்சி என்று வாய் சொல்லிக்கொண்டிருந்தது. ஒருமுறை பாட்டு முடிந்து காது கொடுத்தால், எங்கேயோ எஞ்சின் முனகியது. பிறகு நின்றது. திரும்பப் போட்டோம். முடிந்ததும் எஞ்சின் கொஞ்சம் கிட்ட. திரும்ப நின்றது. அவர்களும் எங்களைப்போல எஞ்சினை நிறுத்தி நிறுத்திக் கேட்கிறார்கள் என்று விளங்கியது.

லோஞ்சுக்குள் நடந்ததைக் குணம் பிறகு சொன்னான். எல்லாரும் தேவாரம் படித்துக்கொண்டு இருக்க, இவன் பாய்ந்து வேலுப்பிள்ளை அண்ணையின் கையைப் பிடித்திருக்கிறான். “எஞ்சினை நிப்பாட்டுங்கோ! சொலாஞ்சி பாடுறா! இராசு கூப்பிடுறான்!” மாப்பிள்ளைக்குப் பயத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று தாய் அழத் தொடங்கிவிட்டாவாம். எஞ்சின் நின்றதும் அவவுக்கும் கேட்டிருக்கிறது.

கடைசித் தரம் நாங்கள் தட்டை எடுத்துக் காது கொடுத்தபோது எஞ்சின் கேட்கவில்லை. மனிசக் குரல் கேட்டது. ஆணும் பெண்ணும் கிழவரும் குழந்தையும், ஒரு லோஞ்சு முழுக்க, தொண்டை கிழிய, “நோநோ மதாம்! நோநோ மதாம்!” பனிக்குள் இருந்து லோஞ்சின் மூக்கு வெளியே வந்தது. மூக்கில் தலைப்பாகையோடு குணம்.

கரையில் நின்ற சனம் போட்ட சத்தத்துக்குக் குழாயே தேவையில்லை. குணம் பொறுமையில்லாமல் இடுப்பளவு தண்ணீருக்குள் குதித்து ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தான். நான் செம்பை எடுத்துவரச் சொல்லி அந்த மணலிலேயே அவன் காலைக் கழுவினேன். சேறு போகவே இல்லை, செம்புத் தண்ணீர் முடிந்துபோயிற்று. அப்படியே கூட்டிப்போய் மணவறையில் இருத்தினோம். முகூர்த்தம் முடிய முன்னம் தாலி ஏறியது. பவளம் குனிந்திருந்த தலையை நிமிர்த்தி என்னை ஒருதரம் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு எந்த முதலாளியும் தராத சம்பளம் என்று பெயர்.

அமளி அடங்கிய பிறகு அண்ணையிடம் போனேன். தட்டை வெளிச்சத்தில் சரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தட்டின் கறுத்த முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

“தேஞ்சுபோச்சு அண்ணை” என்றேன்.

“தேயட்டும். உமக்கு மச்சான் கிடைச்சிட்டார்” என்று சொல்லிவிட்டுத் துடைக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு கலியாண வீடுகளில் அதைப் போடவில்லை. தீவுக்காரர்கள் தாங்களாகவே வந்து கேட்டார்கள். பனி விழுகிற காலையில் குறிகட்டுவானில் அது ஒலிக்க வேண்டும், வேறு எவரும் எங்கேயும் போடக்கூடாது, அது கேட்டால் எந்த வள்ளமும் நேரே குறிகட்டுவானுக்குத் திரும்ப வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. பனித்தட்டு என்று பெயரும் வந்தது. தையும் மாசியும் நான் கரைக்குப் போய்விடுவேன். எத்தனையோ வள்ளம் அந்தப் பாட்டைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. எழுபதுகளின் பிற்பாதியில் தட்டில் இரைச்சலைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. அதற்குப் பதிலாகக் கரையில் மணி கட்டினார்கள். பனித்தட்டின் வேலை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

குணம் கப்பலை விடவில்லை. திரும்பவும் அந்தத் துறைமுகத்துக்குப் போனபோது சொலாஞ்சியைத் தேடிப் பிடித்தான். பாண் பேக்கரி ஒன்றில் நின்று வியாபாரம் செய்துகொண்டிருந்தாவாம். அந்த ஒரு தட்டோடு பாட்டை விட்டுவிட்டா. குணம் கதையைச் சொல்ல, மாலுமிகளின் புளுகு எனக்குத் தெரியும் என்று சொல்லிப் பாணைச் சுற்றிக் கையில் கொடுத்திருக்கிறா. இவன் விடவில்லை, ஒவ்வொரு முறையும் போய்ச் சொன்னான். கடைசியில் ஒரு வருடம் அவ லீவு எடுத்து, புளுகைக் கையோடு பிடிக்கிறேன் பார் என்று புறப்பட்டு வந்துவிட்டா.

வந்தது நயினாதீவு அம்மன் கோயில் திருவிழாக் காலம். குறிகட்டுவானில் சனம் அலைமோதியது. வள்ளங்களுக்கு ஆட்களை ஒழுங்குபடுத்தி அறிவிக்க அண்ணையும் நானும் மைக்கோடு நின்றோம். வெயில் கண்ணைக் குத்தியது. பவளமும் குணமும் அவவை இறங்குதுறைக்குக் கூட்டிவந்தார்கள். நரைத்த குட்டைத் தலைமயிர். உறையில் பார்த்த அதே சண்டைக்கார முகம். குணம் எங்களைக் காட்டி என்னவோ சொன்னான். அவ என்னைப் பார்த்து ஒரு வசனம் சொன்னா.

“தட்டைப் போட்டுக் காட்டட்டாம்” என்றான் குணம்.

அண்ணை பெட்டியைத் திறந்து, பனியனை விரித்து, துடைத்து, பூவரசம் வில்லையைப் பொருத்தி வைத்தார். சரசர என்று இரைந்தது. இரைச்சலுக்கு அடியில் ஏதோ முனகியது. அவ குனிந்து காதைக் கிட்ட வைத்துக் கேட்டா. பிறகு நிமிர்ந்து சிரிக்கப் பார்த்தா, சிரிப்பு வரவில்லை.

“என்ன சொல்லுறா?”

குணம் தயங்கினான். “அந்த நாளும் ஒருத்தரும் கேக்கேல்லையாம். இப்ப தட்டும் போச்சுதாம். பரவாயில்லை, நல்ல கதை சொன்னீங்கள் எண்டு சொல்லுறா.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கதையாம்! என் தங்கச்சியின் தாலி கதையா? பதில் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் அண்ணை மைக்கை எடுத்துத் துடைத்து, இரண்டு கையாலும் அவவிடம் நீட்டினார். அவ தலையை ஆட்டினா, ஏலாது ஏலாது என்று கையைக் காட்டினா. அண்ணை நீட்டிய கையை எடுக்கவில்லை. பவளம் பக்கத்தில் போய் அவவின் தோளைத் தொட்டாள். ஒருவருக்கொருவர் பாஷை தெரியாது.

சொலாஞ்சி மைக்கை வாங்கினா. கடலைப் பார்த்துக்கொண்டு, முதல் வரியை மெல்லத்தான் தொடங்கினா. இரண்டாவது வரியில் சத்தம் ஏறியது. அதே குரல்! கிற்றார் இல்லை, மேளம் இல்லை, தனிக் குரல் குழாயால் பாய்ந்து தண்ணீருக்கு மேலே போனது. “நோன், நோன், மதாம்” வந்ததும் இறங்குதுறையில் நின்ற அடியார் கூட்டம் முழுவதும் சேர்ந்து கத்தியது. அவ திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தா, பாட்டை விடவில்லை.

அப்போது குணம் என் கையை நுள்ளிக் கடலைக் காட்டினான். நயினாதீவுக்குப் பாதிவழி போயிருந்த வள்ளங்களும் லோஞ்சுகளும் ஒவ்வொன்றாகத் தலையைத் திருப்பின. கோயிலுக்குப் போன சனத்தோடு, வெள்ளை வேட்டியும் காவடியுமாக, முழுவதும் குறிகட்டுவானைப் பார்த்து வரத் தொடங்கின. அவவும் கண்டா. தன்னை நோக்கி வருகிற அத்தனை வள்ளத்தையும் கண்டு, கண்ணால் தண்ணீர் ஓட ஓட, இன்னும் பலமாகப் பாடினா.

முதலில் வந்து கரை தட்டியது வேலுப்பிள்ளை அண்ணை. வயது போய்விட்டது, கோபம் போகவில்லை. லோஞ்சின் மூக்கில் ஏறி நின்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

“டேய் இராசு! இந்த வெய்யிலுக்கை ஆரடா பனித்தட்டைப் போட்டது?”

“தட்டுப் போடேல்லை அண்ணை,” என்றேன், “ஆளே வந்திட்டா.”